குரங்குக்கு ஏன் சீனாப் பெயர்? விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்கள்: கேள்வி பதில்

மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. இருபது வருடத்துக்கு மேலாகக் காட்டோரங்களில் ஓணானையும் தவளையையும் தேடித் திரிகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: சேர், விஞ்ஞானப் பெயர் என்றால் இரண்டு சொல் என்றுதான் படித்தோம். சிறுத்தைக்கு மட்டும் ஏன் மூன்று?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் தங்கச்சி. நம் நாட்டுச் சிறுத்தை 'பந்தேரா பார்டஸ் கொட்டியா'. முதல் சொல் சாதி. சிங்கமும் புலியும் இதே சாதிதான். இரண்டாவது இனம், ஆபிரிக்காவில் இருக்கிற சிறுத்தைக்கும் இதுதான். மூன்றாவது சொல் உப இனத்தைக் குறிக்கிறது, அது இலங்கைச் சிறுத்தைக்கு மட்டும். 'கொட்டியா' என்பது சிங்களச் சொல் என்பதையும் பாருங்கள். எழுத்துத்தான் இலத்தீன் எழுத்தாக இருக்க வேண்டும், சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். தமிழிலிருந்தும் வரலாம்.

நுவரெலியா, ஓர் அம்மா: எங்கள் லயத்துக் குசினியில் புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குரங்கின் பெயரில் 'சீனா' இருக்கிறது என்று மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மைதான் அக்கா. உச்சந்தலை முடி தொப்பி மாதிரி விரிந்திருக்கிற அந்தக் குரங்கு 'மக்காக்கா சினிக்கா'. 'சினிக்கா' என்றால் சீனாவைச் சேர்ந்தது. 1771இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனால் அந்தக் குரங்கு இயற்கையாக வாழ்வது இலங்கையில் மட்டும்தான், வேறு எங்கும் கிடையாது.

பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் மாற்றவில்லை? பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்பது அனைத்துலக விலங்கியல் பெயரீட்டு விதி. என் பெரியப்பாவின் பெயர் பதிவில் ஓர் எழுத்து மாறி விழுந்துவிட்டது. கடைசி வரைக்கும் அந்த எழுத்தோடுதான் கையெழுத்துப் போட்டார், ஈ.பி.எஃப். காசையும் அந்த எழுத்தோடுதான் எடுத்தார். ஆள் இவர்தான் என்று காட்டினால் போதும், பெயர் அவரைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விலங்குக்கும் அப்படித்தான். ஆளாளுக்குத் திருத்தத் தொடங்கினால் 1771இல் எழுதியதும் இன்று எழுதுவதும் ஒரே குரங்கைப் பற்றித்தான் என்று யாருக்குத் தெரியும்?

இதோடு சேர்ந்த இன்னொரு விதி, முந்தி வைத்த பெயருக்கே முதலிடம். அந்தக் கணக்கு லின்னேயஸின் நூலின் 10ஆம் பதிப்பு வந்த 1758இலிருந்து தொடங்குகிறது.

அப்புத்தளை, ஆசிரியை: சீகாரப் பூங்குருவியின் பெயருக்குப் பின்னால் 'ஹோல்ட்ஸ்வர்த், 1872' என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். யானைக்கு 'லின்னேயஸ், 1758' என்று அடைப்புக்குறி இல்லாமலே வருகிறதே?

நல்ல கேள்வி டீச்சர், புத்தகங்களே இதில் தடுமாறுவதுண்டு. ஹோல்ட்ஸ்வர்த் அந்தப் பறவையை 'அரெங்கா' என்ற சாதியில் வைத்தார். பிறகு 'மயோஃபோனஸ்' சாதிக்கு மாற்றினார்கள். சாதி மாறியதற்கு அடையாளம்தான் அடைப்புக்குறி. யானை அன்று வைத்த 'எலிஃபஸ்' சாதியிலேயே இருப்பதால் அதற்குத் தேவைப்படவில்லை.

அதே ஆசிரியை: அந்தப் பறவையின் 'மயோஃபோனஸ் பிளைகி' என்ற பெயரில் 'பிளைகி' என்பது யார்?

சாமுவேல் பிளை, கோப்பித் தோட்டத் துரை. பறவைகளைக் கூர்ந்து பார்த்தவர். ஓர் ஆணின் பெயரை வைத்தால் முடிவில் 'இ' ஒலி வரும். பெண்ணென்றால் 'ஏ'. மலைக்காட்டுப் புறாவின் 'டொரிங்டோனியே' அப்படி வந்தது, அவர் ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் மனைவி.

நோர்வூட், தோட்ட இளைஞர்: துரைமார் பெயரும் ஆளுநர் வீட்டுப் பெயரும்தானா? நம் ஆட்களின் பெயரை வைக்க முடியாதா?

தாராளமாக வைக்கலாம் தம்பி, எந்த விதியும் தடுக்கவில்லை. தன் பெயரைத் தானே வைப்பது மட்டும் வழக்கமில்லை. அன்று காட்டுக்குள் வழி காட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், எந்த ஓடையில் எந்தத் தவளை கத்தும் என்று சொன்னவர்கள் எல்லாம் ஊர் ஆட்கள்தான். கடதாசி எழுதியவர் துரை, அதனால் துரைமார் பெயர் நின்றது. இது நியாயமில்லை என்பது என் திடமான கருத்து. இதற்கு வழி, நம் பிள்ளைகள் விலங்கியல் படித்து அந்தக் கடதாசியைத் தாங்களே எழுதுவதுதான்.

பண்டாரவளை: ரயிலில் போகிற ஒஹிய ஊரின் பெயரில் ஓர் எலி உண்டாமே?

உண்டு. 'ஸ்ரீலங்காமிஸ் ஒஹியென்சிஸ்'. இதில் 'ஒஹியென்சிஸ்' என்பது 1929இல் ஃபிலிப்ஸ் வைத்த பெயர். 'என்சிஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஊர்ப்பெயர். நக்கிள்ஸ் மலையில் உள்ள ஒரு குட்டிப் பல்லியோந்திக்கு, அந்த மலைப்பகுதியின் சிங்களப் பெயரான 'தும்பர' என்பதையே 2006இல் வைத்தார்கள்.

மஸ்கெலியா: ஒரு புதிய தவளை கிடைத்தால் பெயர் எப்படி வைக்கப்படுகிறது?

முதல் வேலை, அது உண்மையில் புதியதுதானா என்று பார்ப்பது. இதற்குத்தான் அதிக காலம் போகும். பழைய விவரிப்புகளையெல்லாம் படித்து, நூதனசாலைகளில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு மாதிரியை 'இந்தப் பெயருக்கு உரியது இதுதான்' என்று குறித்து நூதனசாலையில் ஒப்படைக்க வேண்டும். மதுசாரப் போத்தலுக்குள் தவளை, அதன் காலில் நூல், நூலில் ஒரு சின்னச் சீட்டு. பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும் என்பதால் சீட்டில் பென்சிலால் எழுதுவார்கள். இடம், திகதி, பிடித்தவர், இலக்கம். பெயர் கட்டப்பட்டிருப்பது அந்த ஒரு உடலில்தான். பிறகு விவரிப்பு முறைப்படி வெளியிடப்பட வேண்டும், அப்போதுதான் பெயர் செல்லும்.

உங்கள் பக்கத்துக் கதை ஒன்று. கெலார்ட் என்ற இலங்கையில் பிறந்த மருத்துவர் 1853இல் ஒரு மரத்தவளையை விவரித்து, உடம்பெல்லாம் புள்ளியாக இருந்ததால் 'ஸ்டெல்லேட்டஸ்', அதாவது நட்சத்திரம் பதித்தது, என்று பெயர் வைத்தார். அதன் பிறகு யாரும் அதைக் காணவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2009இல், சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. கெலார்ட் எழுதிவைத்த சில வரிகள் இல்லாவிட்டால் இது அந்தத் தவளைதான் என்று சொல்ல வழியே இருந்திருக்காது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கும்.

அட்டன்: உச்சரிப்பு எது சரி?

உச்சரிப்புக்கு விதி இல்லை. எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்: சாதியின் முதல் எழுத்து பெரியது, மற்றச் சொற்கள் சிறிய எழுத்தில்.

ஹக்கல, மாணவன்: மூக்கில் கொம்புள்ள ஓணானைப் படம் எடுத்தேன். பிடித்துக் கொண்டு போய்க் கொடுத்தால் என் பெயர் வைப்பார்களா?

பிடிக்கவே வேண்டாம் தம்பி, சட்டப்படி குற்றம். அது 'செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி', 1834லேயே பெயர் பெற்றது. 'செரட்டோஃபோரா' என்றால் கொம்பு தாங்கி. பாசி படர்ந்த மரத்தில் அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வெள்ளைக் கொம்பைத்தான் கண் முதலில் பிடிக்கும். வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்கக் களவாகக் கொண்டு போகிறார்கள் என்பதால் 2019இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். பெயர் இல்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க முடியாது, சுங்கத்தில் மறிக்கவும் முடியாது.

எடுத்த படத்தைப் பத்திரமாக வையுங்கள், இடத்தையும் திகதியையும் எழுதிவையுங்கள். அந்த ஓணானை உங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதி அனுப்புங்கள். என்னுடைய குறிப்புப் புத்தகத்தில் அதற்கு நேராக இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது.