டவர் ஃபுல்லா காட்டுது, நெட் மட்டும் நிக்குது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாவலூர்ல பதினாலாவது மாடியில இருக்கோம். சிம் போடுற 4ஜி ரவுட்டர்லதான் என் ஆபீஸ் வேலை பூரா ஓடுது. நாலு கோடும் எப்பவும் ஃபுல்லா எரியுது, ஆனா மீட்டிங் நடுவுல நெட் அப்படியே நின்னுடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் வருது, திரும்ப அதே கதை. இவ்ளோ உயரத்துல சிக்னல் நல்லாத்தானே இருக்கணும்?

பதில்: உயரம்தாங்க பெரும்பாலும் இதுக்குக் காரணமே. டவர்ல ஆன்டெனாவ கொஞ்சம் கீழ பார்த்தாப்லதான் சாய்ச்சு மாட்டுவாங்க, ரோட்டுல போறவங்களுக்கும் தாழ்வான வீடுகளுக்கும் கிடைக்கணும்னு. உங்க மாடிக்கு நேரா எந்த டவரும் பார்க்காது, ஆனா குறுக்க மறைக்க கட்டடம் இல்லாததால ஓஎம்ஆர் ரோடு நெடுக, சிறுசேரி வரைக்கும் கூட இருக்கற டவரெல்லாம் ஒரே நேரத்துல உங்க ரவுட்டருக்குக் கேக்கும். கல்யாண மண்டபத்துல எல்லாரும் ஒண்ணா பேசும்போது பக்கத்துல இருக்கறவர் கத்துனாலும் புரியாதே, அதேதான். ரவுட்டர் இந்த டவரா அந்த டவரான்னு தாவிக்கிட்டே இருக்கும், அப்பல்லாம் உங்க மீட்டிங் திக்கும்.

அதனால கோட்ட நம்பாதீங்க. ரவுட்டருக்கு அடியில இருக்கற ஸ்டிக்கர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.8.1 மாதிரி ஒரு அட்ரஸ் இருக்கும், அத பிரவுசர்ல போட்டு உள்ள போனா ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர்னு ரெண்டு நம்பர் காட்டும். மொதல் நம்பர் சிக்னலோட பலம், மைனஸ் 80 பக்கம்னா நல்லது, மைனஸ் 110க்கும் கீழ போனா கஷ்டம். ரெண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், சிக்னல் எவ்ளோ சுத்தமா வருதுங்கறது, 20க்கு மேல அருமை, 10க்கு மேல பரவால்ல, சைபர் பக்கம் வந்துட்டா கோடு ஃபுல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. ரவுட்டர ஒவ்வொரு ரூமா, ஒவ்வொரு ஜன்னலா வச்சு இந்த ரெண்டாவது நம்பர் எங்க ஏறுதுன்னு பாருங்க. ஜன்னல விட ஒரு சுவர் தள்ளி உள்ள வச்சா நல்லா வர்ற வீடும் உண்டு, ஏன்னா அந்த சுவர் பாதி டவர மறைச்சிடும். செட்டிங்ல பேண்ட், அதாவது அலைவரிசை, செலக்ட் பண்ற வசதி இருந்தா 3, 5, 40 மூணையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. 40ங்கறது 2300 மெகாஹெர்ட்ஸ், வேகம் கிடைக்கும், ஆனா கான்கிரீட்ட தாண்ட ரொம்ப திணறும். 5ங்கறது 850, சுவர ஊடுருவி வரும், வேகம் கம்மி.

இன்னொண்ணு, இத கண்டிப்பா செய்ங்க: அடுத்த தடவ நெட் நின்னதும் ஆஃப் பண்ணாதீங்க! ஆஃப் பண்ணிட்டா எங்க அறுந்துச்சுன்னு தெரியவே தெரியாது. அதே பேஜ்ல ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல உங்க ரவுட்டருக்குக் குடுக்கற நம்பர், காட்டுதான்னு பாருங்க. காட்டலன்னா சிம், ஏபிஎன் (சிம் எந்த வழியா நெட்டுக்குப் போகணும்னு சொல்ற பேர்) பக்கம் கோளாறு, உங்க சிம் கம்பெனியோட ஏபிஎன் சரியா இருக்கான்னு செக் பண்ணுங்க. காட்டியும் பேஜ் திறக்கலன்னா டிஎன்எஸ்ஸ (வெப்சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்கற சர்வர்) 8.8.8.8னு மாத்திப் பாருங்க. ரெண்டும் இல்லாம ஆமை வேகம்னா அன்னிக்கு டேட்டா லிமிட் முடிஞ்சிருக்கும், நிறைய பிளான்ல அதுக்கப்புறம் 64 கேபிபிஎஸ்தான். சாயங்காலம் மட்டும் மோசம்னா டவர்ல கூட்டம், அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுல வேற கம்பெனி சிம் இருக்கற போன அதே எடத்துல ஹாட்ஸ்பாட் போட்டு ஒப்பிட்டுட்டு மாறிடுங்க. மே மாச வெயில்ல ஜன்னல் கட்டையில ரவுட்டர் வைக்கவே வைக்காதீங்க, சூடேறினாலும் நின்னு போகும்.

கேள்வி: அயனாவரத்துல இருக்கேன், ரிட்டயர்டு. சிம் போட்டு லேப்டாப்புல சொருகற பழைய யூஎஸ்பி டாங்கிள் ஒண்ணு பத்திரமா வச்சிருந்தேன். இப்ப புது சிம் போட்டா லைட் மினுக்குது, கனெக்ட் ஆகல. லேப்டாப்புல சிடி டிரைவ் மாதிரி வேற காட்டுது.

பதில்: ஐயா, சிடி மாதிரி காட்டறது கோளாறு இல்ல. டிரைவர் சாஃப்ட்வேர் அதுக்குள்ளயே இருக்கும், இன்ஸ்டால் ஆனதும் அது தானா மோடமா மாறிக்கும். லைட் மினுக்கறது பெரும்பாலும் நெட்வொர்க் தேடறதுதான். டாங்கிள் மேல எல்டிஇ இல்லன்னா 4ஜின்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. போடலன்னா அது பெரும்பாலும் 3ஜி டாங்கிள். ஜியோ 2016ல வந்ததே 4ஜியோடதான், ஏர்டெல்லும் 3ஜிய நிறுத்திட்டாங்க, அதனால இந்த சிம்ல எந்த செட்டிங் மாத்தினாலும் அதுல 3ஜி வேகம் வராது. ரிப்பேருக்குக் குடுத்து காசு செலவு பண்ணாதீங்க. எல்டிஇன்னு இருந்தா லேப்டாப்போட வேற போர்ட்ல நேரா சொருகிப் பாருங்க, ஹப் வேண்டாம், கரண்ட் பத்தாம போகும்.

கேள்வி: அம்பத்தூர்ல குடோன்ல சிம் ரவுட்டர் போட்டு சிசிடிவி மாட்டினோம். உள்ள தெரியுது, வீட்டுலருந்து பார்க்க முடியல. வெளியிலருந்து வர்ற அழைப்ப கேமராவுக்குத் திருப்பி விடற போர்ட் ஃபார்வர்டிங்கும் பண்ணியாச்சு.

பதில்: ரவுட்டர் பேஜ்ல ஐபி 10னு ஆரம்பிக்குதா, இல்ல 100.64ல இருந்து 100.127க்குள்ள இருக்கா பாருங்க. அப்படின்னா வெளிய தெரியற ஒரே பப்ளிக் ஐபிய சிம் கம்பெனி பல பேருக்கு பங்கு போட்டுக் குடுத்திருக்கு, வெளியிலருந்து உங்க ரவுட்டர கூப்பிடவே முடியாது, போர்ட் ஃபார்வர்டிங் அங்க வேலைக்கு ஆகாது. கேமரா கம்பெனியோட ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணி சேர்க்கற வசதி இருக்கும், அத யூஸ் பண்ணுங்க, கேமராவே வெளிய கூப்பிட்டு பேசிக்கும். பாஸ்வேர்ட மட்டும் மொதல்ல மாத்திடுங்க.