திரையை எந்த இடத்தில் நிறுத்துவது? நடுநிலை வகுப்புகளும் கருவிகளும்: கேள்வி பதில்

கல்குளம் வட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவரிடம் குமரி மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளும், அவர் தந்த பதில்களும்.

கேள்வி (மார்த்தாண்டம், ஆசிரியர்): டீச்சர், ஸ்மார்ட் வகுப்பறையில் காணொலி போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: காணொலியை முழுதாக ஓட விடாதீர்கள் சார். விடை திரையில் வருவதற்கு ஒரு நொடி முன்பு நிறுத்துங்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை முந்தைய நாளே பார்த்துக் குறித்து வையுங்கள். நம்முடைய பாடத் தயாரிப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

எட்டாம் வகுப்பு ஒலியியலை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஜாடிக்குள் மின்மணி ஒலிக்கிறது, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறார்கள், ஒலி குறைந்துகொண்டே போகிறது. இரண்டு நிமிடக் காணொலி. பம்பை இயக்கும் முன் நிறுத்திவிட்டு, "இனி என்ன ஆகும்? நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். மணி அடிப்பதே நின்றுவிடும் என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். காற்று போனால் ஒலி கூடும் என்று சிலர் எழுதுவார்கள். எழுதியதை அடிக்க அனுமதிக்காதீர்கள். பிறகு ஓட விடுங்கள். மணியின் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒலி மட்டும் தேய்கிறது. தன் ஊகம் பிழையென்று கண்ட பிள்ளைக்கு அந்தக் காட்சி மறக்காது. சும்மா பார்த்த பிள்ளைக்கு அது இன்னொரு டிவி நிகழ்ச்சி.

அதோடு விடாமல் வராந்தாவுக்கு அழைத்துப் போங்கள். ஃபைபாக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதில் ஒலியைக் கேட்டு ஓடவும் நிற்கவும் செய்யும் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கைப்பேசிகளைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். முதல் பிள்ளை கை தட்டினால் இரண்டு கடிகாரங்களும் ஓடும். இரண்டாம் பிள்ளை தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டும் காட்டும் நேரம் ஒன்றாக இருக்காது, ஏறக்குறைய 0.029 நொடி வேறுபடும். ஒலி 5 மீட்டரை இரண்டு முறை கடக்க எடுத்த நேரம் அது. 10 மீட்டரை 0.029 ஆல் வகுத்தால் நொடிக்கு 345 மீட்டர் வருகிறது. பாடப்புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைத் தங்கள் கைதட்டலிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும்போது வராந்தாவில் வரும் சத்தத்துக்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஜூன் மாதத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் கடிகாரம் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (நாகர்கோவில், ஆசிரியை): புரொஜெக்டர் படம் பகலில் வெளுத்துத் தெரிகிறது. ஜன்னல்களை அடைத்தால் வேக்காடு தாங்கவில்லை. புதிதாக வாங்கச் சொல்லலாமா?

பதில்: வாங்கும் முன் சுவரை மாற்றிப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் படம் காட்டினால் எந்த புரொஜெக்டரும் தோற்கும். ஜன்னல் இருக்கும் பக்கத்துச் சுவரிலேயே, வெளிச்சம் நேராக விழாத மூலையில் காட்டுங்கள். படத்தைச் சிறிதாக்கினால் வெளிச்சம் கூடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, ஒரு பக்கத்துக்கு ஆறு வரிக்கு மேல் இல்லாமல் வையுங்கள். கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். உங்களுக்குக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

கேள்வி (பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு மலைப்பள்ளி, ஆசிரியர்): எங்களுக்கு டவர் கிடைப்பதே அபூர்வம். இணையம் இல்லாமல் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய. மேலே சொன்ன ஃபைபாக்ஸுக்கு இணையமே வேண்டாம். 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் பாடங்களை மத்திய அரசின் இலவசப் பாடச் செயலியான தீக்ஷாவில் ஊருக்கு வரும் நாளில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகளையும் (திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள்) தனித்தனியாக இறக்கி மடிக்கணினியில் வைக்கலாம். சில தமிழிலும் உண்டு. மின்சுற்று மாதிரியிலிருந்து தொடங்குங்கள். பல்பை எரியவிடாமல் செய்வது எத்தனை வழிகளில் முடியும் என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைவிட அதிகம் கண்டுபிடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் வரும்போது ஒரு பென்டிரைவ் நிறைய எடுத்துப் போனால் மாதம் முழுவதும் ஓடும். இணையம் உள்ள பள்ளிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் காத்திருக்க, திரையில் வட்டம் சுழல்வதைப்போல வகுப்பைக் கெடுப்பது வேறில்லை.

கேள்வி (தூத்தூர், ஒரு தாய்): என் மகன் ஏழாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. படிக்கிறேன் என்று போனை எடுத்தால் இரவு பத்து மணி வரை கீழே வைப்பதில்லை. நான் என்ன செய்வது டீச்சர்?

பதில்: இதில் பையனைத் திட்டுவதற்கு முன் எங்களைத்தான் கேட்க வேண்டும் அம்மா. நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை நான் ஏற்கவில்லை. விடுமுறை அறிவிப்பு, கூட்ட அழைப்பு ஆகியவை போதும். உங்கள் ஊரில் அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வீட்டின் ஒரே போன் அவரோடு கடலுக்குப் போயிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் "பார்க்கவில்லை டீச்சர்" என்று எழுந்து நிற்க வேண்டுமா? மலையோரத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற வீடுகளிலும் இதே கதை.

வகுப்பாசிரியரைப் பாருங்கள், இன்னும் இரண்டு பெற்றோரையும் உடன் அழைத்துப் போங்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள். அது நடக்கும்வரை, செய்தியை நீங்களே வாசித்துச் சொல்லிவிட்டுப் போனை வாங்கி வையுங்கள்.

கேள்வி (கன்னியாகுமரி, ஆசிரியை): நம் மாவட்டத்துப் பிள்ளைகளால் மட்டும் செய்ய முடிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நிழலில்லா நாள்!

நாம் ஏறக்குறைய 8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஏப்ரலில் தேர்வுப் பரபரப்பு. ஆகவே செப்டம்பரைப் பிடியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நமக்கு நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு 5 பாகை மேற்கே இருப்பதால் 12.20 மணியளவில்தான் நிழல் மறையும். பன்னிரண்டு அடித்ததும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடாதீர்கள்.

இனிமேல்தான் கைப்பேசிக்கு வேலை. அதே நாளில் சென்னையில் ஒரு பள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களோடு பயிற்சி முடித்த தோழி யாராவது அங்கே இருப்பார். அவர்களும் 1 மீட்டர் குச்சி நட்டு, அன்றைய மிகக் குட்டையான நிழலை அளக்க வேண்டும். அவர்களுக்கு அது 12.10 மணிக்குள் வந்துவிடும். நிழல் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். காணொலி அழைப்பில் இரண்டு முற்றங்களையும் பார்த்துக்கொள்ளலாம். குச்சியின் நுனியில் அந்த நிழலுக்குரிய கோணம் ஏறத்தாழ 5 பாகை. கோணமானியை வைத்துக் காகிதத்தில் வரைந்தே கண்டுபிடிக்கலாம், திரிகோணவியல் தேவையில்லை.

நமக்கு நிழலே இல்லை, சென்னையில் 5 பாகை என்றால், பூமியின் மையத்திலிருந்து பார்த்தாலும் இரண்டு ஊருக்கும் இடையே தெற்கு வடக்காக 5 பாகைதான். பூமி முழுச்சுற்று 360 பாகை. அதில் 5 பாகை என்றால் 72 இல் ஒரு பங்கு. நமக்கும் சென்னைக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரம் சுமார் 555 கிலோமீட்டர். 72 ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்! கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்த கணக்கு இதே வழிதான்.

பிள்ளைகள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஓடும் தூரத்தை எழுதிவிட்டுப் பூமியை ஊதிப் பெரிதாக்குவார்கள். உடனே திருத்தாதீர்கள். விடை ஏன் கூடுதலாக வந்தது என்று அவர்களே கூகுள் எர்த்தில் அளவுகோலை இழுத்துப் பார்க்கட்டும். ரயில் பாதை வளைகிறது, சென்னை நமக்குக் கிழக்கேயும் தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வானம் மூடியிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முந்தைய நாளும் அடுத்த நாளும் நிழல் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி (தோவாளை, ஆசிரியர்): பத்துக் கணினி, நாற்பது பிள்ளைகள். கெட்டிக்காரப் பையன்கள் நாலு பேர் மவுஸைப் பிடித்தால் விடுவதில்லை.

பதில்: வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள், பாதிப்பேர் கணினியில், பாதிப்பேர் அதே கணக்கை வரைபடத்தாளில். கணினிக்கு இருவர். மவுஸ் பிடிப்பவர் வாய் திறக்கக் கூடாது, அருகில் இருப்பவர் மவுஸைத் தொடக் கூடாது. சொல்பவர் சொன்னதைத்தான் பிடிப்பவர் செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் மாறிக்கொள்ளட்டும். கெட்டிக்காரப் பையனுக்குச் சொல்லித்தருவது எவ்வளவு கடினம் என்று தெரியவரும். பின்னால் நின்றிருந்த பெண்பிள்ளைகளுக்கும் மவுஸ் கிடைக்கும்.

கேள்வி (கருங்கல், ஆசிரியை): கட்டுரை எழுதச் சொன்னால் செயற்கை நுண்ணறிவில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

பதில்: சாட்ஜிபிடி போன்றவற்றின் விதிகளே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடம் தருவதில்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். தலைப்பையும் மாற்றுங்கள். "நீர்வளம்" என்று கொடுத்தால் எந்த இயந்திரமும் எழுதும். "உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குளத்தில் இப்போது யார் குளிக்கிறார்கள், யார் குளிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஏன்?" என்று கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்காமல் அதை எழுத முடியாது. முதல் வரைவு வகுப்பிலேயே, பேனாவால்.

கேள்வி (குளச்சல், தலைமையாசிரியர்): உப்புக்காற்றில் கருவிகள் துருப்பிடித்துப் போகின்றன. பூட்டி வைத்தும் பயனில்லை.

பதில்: பூட்டி வைப்பதால்தான் விரைவில் போகின்றன சார். ஓடாத கருவிக்குள் ஈரம் தங்கும். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்கச் சொல்லுங்கள். கடல் பார்த்த சுவரில் திரையை மாட்டாதீர்கள். அணைத்த சூட்டோடு பிளாஸ்டிக் உறை போடாமல், ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைப்பதற்கு எட்டாம் வகுப்பில் இருவரைப் பொறுப்பாக்குங்கள். இணைப்பைத் துண்டித்த பிறகு, ஆசிரியர் அருகில் நிற்கும்போது மட்டும்.