லிஸ்பனுக்கு முதன்முறை செல்வோருக்கு: கேள்வி பதில்

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, லிஸ்பனில் மூன்று நாட்கள் மட்டுமே தங்குகிறோம். எங்கிருந்து தொடங்கினால் அந்நகரம் எங்களுக்கு விளங்கும்?

பதில்: பலரும் கோட்டையில் தொடங்கச் சொல்வார்கள். நான் கார்மோ மடத்துத் தேவாலயத்தில் தொடங்கச் சொல்வேன். தளபதி நுனோ ஆல்வரெஸ் பெரெய்ரா 1389இல் எழுப்பத் தொடங்கிய அந்தக் கோயிலுக்கு இன்று கூரை இல்லை. வளைவுகள் மட்டும் வானத்தைத் தொட்டு நிற்க, நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கிறது. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்ததை முழுவதும் கட்டி முடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டு இறங்கினால், கீழே தெரியும் நேர்கோட்டுத் தெருக்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே புரியும்.

கேள்வி (மதுரை): அந்த நிலநடுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? ஒரு நகரத்தையே மாற்றும் அளவுக்கு என்ன நடந்தது?

பதில்: 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குமேல், தேவாலயங்கள் மக்களாலும் மெழுகுத்திரிகளாலும் நிறைந்திருந்த வேளையில் நிலம் பல நிமிடங்கள் அதிர்ந்தது. இடிபாடுகளுக்கு அஞ்சி டேகஸ் ஆற்றங்கரையின் திறந்த வெளிக்கு ஓடியவர்கள், நீர் பின்வாங்கி ஆற்றுப்படுகை தெரிந்ததைப் பார்த்தார்கள். பிறகு அலைகள் வந்தன. எஞ்சியதைத் தீ தின்றது. அது அணையப் பல நாட்கள் ஆயின. ஆற்றங்கரை அரண்மனை, அதன் பெரும் நூலகம், அவ்வாண்டில்தான் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கம் எல்லாம் அழிந்தன. அரச குடும்பம் அன்று நகருக்கு வெளியே பெலேமில் இருந்ததால் உயிர் தப்பியது. மன்னர் முதலாம் ஜோசே அதன்பின் கற்கட்டடத்துக்குள் வாழ அஞ்சி, அஜுடா குன்றில் மரத்தாலான இருப்பிடத்தில் காலம் கழித்தார்.

மீண்டெழுந்த கதைதான் என்னை இந்நகரத்தோடு கட்டிப்போட்டது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடெங்கும் உள்ள தேவாலயப் பங்குகளுக்கு வினாத்தாள் அனுப்பினார். அப்பதில்களில் பல இன்றும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பைஷா எனப்படும் தாழ்வான பகுதி புதிதாக அளந்து கட்டப்பட்டது. வீட்டுச் சுவர்களுக்குள் குறுக்குச் சட்டங்கள் கொண்ட மரக்கூண்டு ஒன்றை வைத்தார்கள். நிலம் ஆடும்போது கல் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை அடியோசையுடன் நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தொழிலாளர் தெரு என்று தொழில்வாரியாக வைத்த பெயர்களை இன்றும் பலகைகளில் படிக்கலாம். அங்கேயே ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில், ரோமானியர் மீனை உப்பிட்டு ஊறவைத்த தொட்டிகளும் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

கேள்வி (திருச்சி): அப்படியானால் பழைய லிஸ்பனில் எதுவும் மிஞ்சவில்லையா?

பதில்: மிஞ்சியிருக்கிறது. அல்ஃபாமா குன்றுச் சரிவின் வளைந்து நெளியும் சந்துகள் அரேபியர் காலத்து அமைப்பைப் பெரிதும் காப்பாற்றி வருகின்றன. அப்பெயரே வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1147இல் போர்த்துகலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கெஸ் நகரைக் கைப்பற்றியபின் தொடங்கிய பேராலயம் அதன் விளிம்பில் கோட்டைபோல நிற்கிறது. நிலநடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1748இல் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கிய ஆகுவாஸ் லிவ்ரெஸ் நீர்ப்பாலமும் அசையாமல் தப்பியது. அதன் உயரமான வளைவு 65 மீட்டர். அழிவுக்கு முந்தைய ஆற்றங்கரையைக் காண விரும்பினால், ஓடு அருங்காட்சியகத்தில் நீல வெள்ளை ஓடுகளால் ஆன, ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள நகரக் காட்சி இருக்கிறது. சீரமைப்புக்காக அருங்காட்சியகங்கள் மூடப்படுவது உண்டு என்பதால், திறந்திருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொச்சியில் வசிக்கும் தமிழர்): வாஸ்கோ ட காமாவின் கல்லறையை இங்கே புனித பிரான்சிஸ் ஆலயத்தில் காட்டுகிறார்கள். லிஸ்பனிலும் இருக்கிறதாமே?

பதில்: இரண்டும் சரி. 1524இல் கொச்சியில் இறந்த அவரை முதலில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539இல் எச்சங்கள் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இப்போது பெலேமில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில், நுழைவாயிலுக்கு அருகில் அவரது கல்லறை இருக்கிறது. அம்மடத்தின் தூண்களில் கயிறும் கொடியும் கடல் உயிர்களும் செதுக்கப்பட்டிருக்கும் நயத்தை நின்று பாருங்கள். அதைக் கட்டப் பயன்பட்ட பணத்தில் பெரும்பங்கு மிளகு முதலிய கீழைப் பொருள்களின் வணிகத்தில் விதித்த ஐந்து விழுக்காட்டு வரியிலிருந்து வந்தது. இதே காமா தம் இரண்டாம் பயணத்தில், 1502இல், மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்தவர் என்பதையும் மறக்காமல் அங்கே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. திங்கட்கிழமை மடம் மூடியிருக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாங்கள் ரொட்டியைப் பாண் என்கிறோம். அது போர்த்துக்கீசச் சொல் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். லிஸ்பன் அடுமனையில் அதே சொல்லைச் சற்று மூக்கொலியோடு கேட்பீர்கள். ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை, ஏலம், சாவி ஆகியவையும் அவர்களிடமிருந்து வந்தவையே. அவர்கள் இன்று 'ஷாவ்' என்று சொல்வதை நாம் சகர ஒலியோடு சொல்கிறோம். பதினாறாம் நூற்றாண்டில் அவர்களும் ஏறத்தாழ அப்படித்தான் ஒலித்தார்கள்.

இதைவிடப் பெரிய உறவு ஒன்றும் உண்டு. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்த்து, போர்த்துக்கீசப் பொருளுடன் அச்சிட்ட சமய வினாவிடை நூல் 1554இல் லிஸ்பனில்தான் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வருவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்பே, நம் மொழி அந்த ஆற்றங்கரையில் அச்சேறிவிட்டது. அந்த லிஸ்பன் நூலின் பிரதி பெலேமில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது.

கேள்வி (சேலம்): நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், கேட்டுச் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்த கால்டோ வெர்டே சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதப்பது வழக்கம். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெலேமில் 1837 முதல் விற்கப்படும் கிண்ணப் பணியாரத்தில் முட்டை மஞ்சள்கருதான் முக்கியப் பொருள்.

கேள்வி (தூத்துக்குடி): அம்மாவுக்கு மூட்டுவலி. ஏழு குன்றுகளின் நகரம் என்கிறார்கள். அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக. பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டுகளிலேயே தாழ்பகுதியிலிருந்து மேட்டுக்குப் போய்விடலாம். 1902இல் கட்டிய சாந்தா ஜுஸ்டா மின்தூக்கியின் நீண்ட வரிசையில் அம்மா நிற்க வேண்டியதில்லை. கோட்டைக்கு 737ஆம் எண் பேருந்து செல்கிறது. நடைபாதையில் பதித்த சிறு சுண்ணாம்புக் கற்கள் மழையில் மிகவும் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம். 28ஆம் எண் டிராமில் காலையில் சீக்கிரமே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். நெரிசலில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சரிவுகளில் ஏறும் இழுவை ரயில்களில் ஒன்றான குளோரியா 2025 செப்டம்பரில் தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தனர். ஆகவே அவற்றை நம்பித் திட்டமிடாதீர்கள்.

கேள்வி (சென்னை): எந்த மாதத்தில் செல்வது நல்லது?

பதில்: கோடையில் வெயிலும் கூட்டமும் மிகுதி, குளிர்காலத்தில் மழை. என் தேர்வு ஏப்ரல் இறுதி. 1974 ஏப்ரல் 25 அன்று இளம் படை அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தனர். மக்கள் வீரர்களின் துப்பாக்கிக் குழல்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். பிரதமர் மார்செலோ கயெத்தானோ சரணடைந்த படைமுகாம், நான் முதலில் சொன்ன கூரையற்ற தேவாலயத்தை ஒட்டிய கார்மோ சதுக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் மக்கள் கையில் அதே பூவுடன் லிபர்தாதெ பெருஞ்சாலையில் நடந்து வருவார்கள். அன்று பொது விடுமுறை; அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.