தாய்லாந்தில் வேலை, வெளியூரில் லீவு: ரீ-என்ட்ரி முதல் 90 நாள் வரை

பாங்காக்கில் இருக்கும் நம்மவர்கள் லீவுக்கு டிக்கெட் போட்டதும் அனுப்பும் கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் வெளியே போவதைப் பற்றியவைதான். சிக்கலோ பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் வருகிறது. விதியும் கட்டணமும் அடிக்கடி மாறும் நாடு இது. கிளம்பும் வாரத்தில் இமிகிரேஷன் தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அண்ணா, நான்-பி (வேலை) விசாவில் அடுத்த மார்ச் வரை எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. தீபாவளிக்கு மதுரை போய் வருகிறேன். அதுதான் மார்ச் வரை இருக்கிறதே, ரீ-என்ட்ரி பெர்மிட் எதற்கு?

தம்பி, எக்ஸ்டென்ஷன் என்பது உள்ளே தங்க அனுமதி, அவ்வளவுதான். வெளியே போய்விட்டு அதே அனுமதியோடு திரும்பி வர, கிளம்பும் முன்பே வாங்குவதுதான் ரீ-என்ட்ரி பெர்மிட். ரீ-என்ட்ரி இல்லாமல் வெளியேறும் முத்திரை விழுந்தால் அந்த நிமிஷமே அது செத்துப்போகும். பாஸ்போர்ட்டில் மார்ச் என்று எழுதியிருப்பது அப்படியே இருக்கும், பிரயோஜனம் இருக்காது. புதிதாக நான்-பி வாங்குவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கம்பெனி எச்.ஆர். முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஎம்8 படிவம், ஒரு போட்டோ, பாஸ்போர்ட் நகல் போதும். ஒரு தடவைக்கு 1,000 பாட், மல்டிபிள் 3,800 பாட். வருஷத்துக்கு நாலு தடவை வெளியே போகிறவருக்கு மல்டிபிள் லாபம். ஆனால் எக்ஸ்டென்ஷன் முடியும் நாளிலேயே பெர்மிட்டும் முடிந்துவிடும். ஆகவே மார்ச்சில் முடிகிறவர் ஜனவரியில் மல்டிபிள் வாங்கினால் பணம் வீண்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலும் வாங்கலாம். அதை நம்பிக் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ரீ-என்ட்ரி வாங்கிக்கொண்டுதான் பினாங்கு போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முத்திரையில் எக்ஸ்டென்ஷன் தேதி இல்லை, டூரிஸ்ட்டுக்குப் போடுவது போல ஏதோ பக்கத்துத் தேதி. என்ன செய்வது?

நாளைக்கே இமிகிரேஷனுக்குப் போங்கள். ரீ-என்ட்ரி பக்கம், எக்ஸ்டென்ஷன் பக்கம் இரண்டையும் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். விமான நிலைய இமிகிரேஷனில் முத்திரை போட்டதால் அங்கேயே திருத்தச் சொல்வதும் உண்டு. முதலில் போன் செய்து கேளுங்கள். தள்ளிப்போட்டால், அந்தத் தேதி தாண்டியதும் உங்கள் பெயரில் ஓவர்ஸ்டே (அனுமதி தாண்டித் தங்கியதற்கான அபராதம்) ஏறும்: நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000.

இது நடப்பதற்குக் காரணம் எளிது. கவுண்டரில் இருப்பவருக்கு ஆளுக்கு அரை நிமிஷம். இந்தியப் பாஸ்போர்ட், கையில் ட்ராலி, கூடக் குழந்தை. டூரிஸ்ட் என்று நினைத்துவிடுகிறார். நான் எப்போதும் பாஸ்போர்ட்டை ரீ-என்ட்ரி பக்கத்தைத் திறந்துவைத்துத்தான் நீட்டுவேன், வாயைத் திறந்து "ரீ-என்ட்ரி" என்றும் சொல்லிவிடுவேன். முத்திரை விழுந்ததும் 'அன்டில்' என்ற வரிக்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். அங்கேயே சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்பாவுக்குச் சரியாகவும் பிள்ளைக்குத் தவறாகவும் விழுவது சகஜம்.

அப்புறம், 2025 மே 1 முதல் பழைய காகிதக் கார்டுக்குப் பதில் டிஜிட்டல் அரைவல் கார்டு வந்துவிட்டது. இங்கே குடியிருப்பவர்களும் ஒவ்வொரு தடவையும் போட வேண்டும், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இலவசம். காசு கேட்கிற தளம் போலி.

90 நாள் ரிப்போர்ட் தேதி நாங்கள் பாலியில் இருக்கும் வாரத்தில் வருகிறது. முன்கூட்டியே போட வேண்டுமா அண்ணா?

வேண்டாம்மா. தொடர்ந்து 90 நாள் இங்கே இருந்தால் முகவரியை இமிகிரேஷனுக்குத் தெரிவிப்பதுதான் இந்த ரிப்போர்ட். நாட்டை விட்டு வெளியேறினாலே பழைய கணக்கு போய்விடும். திரும்பி வந்த நாள்தான் ஒன்று. சியாங் மாய், ஹுவா ஹின் என்று உள்ளுக்குள் சுற்றினால் கணக்கு மாறாது. அப்போது தேதிக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்புவரை அதற்கான டிஎம்47 படிவத்தைக் கொடுக்கலாம். தவறினால் 2,000 பாட்.

அப்பா அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து எங்கள் காண்டோவில் தங்கப்போகிறார்கள். டிஎம்30 எல்லாம் வேண்டாம் என்கிறார் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்.

அவர் வேண்டாம் என்றாலும் உங்களுக்கு வேண்டும். 1979-ஆம் வருஷத்து இமிகிரேஷன் சட்டத்தின் 38-வது பிரிவுப்படி, வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கான படிவம்தான் டிஎம்30. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே போட்டுவிடும், அதனால் டூரிஸ்ட்டாக வருகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாள் போதாமல் பெற்றோருக்கு 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டிக்கப் போகும்போது கவுண்டரில் முதலில் கேட்பதே டிஎம்30 ரசீதைத்தான். வீட்டுக்காரரிடம் வீட்டுப் பத்திர நகலும் அவருடைய அடையாள அட்டை நகலும் கையெழுத்தோடு வாங்கி நீங்களே போய்க் கொடுங்கள். வாக்குவாதத்தைவிட அது சீக்கிரம் முடியும்.

ஜூலையில் ஒரு வாரம் லீவு. ஃபுகெட்டா, சமுய்யா?

சமுய். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும், படிவம் எதுவும் இல்லை! ஃபுகெட் பக்கத்து அந்தமான் கடலுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. அலை அதிகம், சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். சமுய், பா-ங்கன், தாவ் தீவுகள் வளைகுடாப் பக்கம், ஜூலையில் நன்றாக இருக்கும். அங்கே மழை கொட்டுவது சென்னையில் கொட்டும் அதே அக்டோபர், நவம்பரில். தாய் டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் எடுத்துப்போங்கள். காவ் யாய் போன்ற தேசியப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு 400 பாட், தாய்க்காரருக்கு 40. லைசென்ஸைக் காட்டினால் சில இடங்களில் உள்ளூர் விலைக்கு விடுவார்கள். விடாவிட்டால் சண்டை போடாதீர்கள், அது அவர்கள் இஷ்டம்.

இத்தாலி போக ஷெங்கன் விசா பாங்காக்கிலேயே போடலாமா, சென்னை போக வேண்டுமா சார்?

சட்டப்படி இங்கே வசிப்பதால் இங்கேயே போடலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து வாங்கிக்கொள்வார்கள், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். நம்மவர்கள் மாட்டுவது வேறிடத்தில்: தாய்லாந்து எக்ஸ்டென்ஷன் ஜூனில் முடியும், பயணம் மே கடைசியில். 'திரும்பி எங்கே போவீர்கள்' என்ற சந்தேகம் வந்துவிடும். முடிந்தால் எக்ஸ்டென்ஷனைப் புதுப்பித்து, ரீ-என்ட்ரியும் வாங்கி, அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள்.

31-ம் தேதியோடு வேலை முடிகிறது. குடும்பத்தோடு ஒரு வாரம் கிராபி போய்விட்டு ஊர் திரும்பலாம் என்று இருக்கிறோம். விசா வருஷக் கடைசி வரை இருக்கிறது.

இல்லை. வேலையோடு எக்ஸ்டென்ஷனும் முடிகிறது. மனைவி, பிள்ளைகளின் டிபென்டன்ட் விசா உங்களுடையதைப் பிடித்துக்கொண்டு இருப்பது, அதுவும் கூடவே போகும். ஆளுக்கு 1,900 பாட் கட்டி 7 நாள் கேட்கலாம், அதற்குள் கிராபி முடித்துவிடலாம். கூடுதல் நாள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் போய் டூரிஸ்ட்டாகத் திரும்பி வாருங்கள். டூரிஸ்ட்டாக எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்பதை அன்றைய நிலவரப்படி பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் 31-ம் தேதிக்கு முன்பே எச்.ஆரிடம் ரத்துக் கடிதம் எந்த நாளில் இமிகிரேஷனுக்குப் போகிறது என்று கேட்டு வையுங்கள்.