மஞ்சள் கரிசலாங்கண்ணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பல பேர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தந்திருக்கிறோம். கடைசிக் கேள்வி மட்டும் வேறொரு மூலிகையைப் பற்றியது.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையின் நடுத்திட்டில் மஞ்சள் கரிசலாங்கண்ணி தரை தெரியாதபடி படர்ந்து, ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பறித்துக் கீரையாகச் சமைக்கலாமா?
– வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: பறிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் நர்சரிகளில் சிங்கப்பூர் டெய்சி என்றும் வெடிலியா என்றும் விற்கப்படும் அழகுச் செடியாகத்தான் இருக்கும். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் அதன் தாயகம். எந்த மண்ணிலும் படரும், கவனிப்பே கேட்காது என்பதால் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் சாலைத் திட்டுகளிலும் அதைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று தொகுக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்ற செடி அது. நம் சித்த மருத்துவ நூல்கள் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இனம் வேறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அண்மைக் காலத்தில் வந்த செடிக்கு நம் பழைய நூல்களில் சொல்லப்பட்ட குணத்தை ஏற்றிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

பூவை வைத்து இரண்டையும் பிரித்தறிய முயன்றால் ஏமாந்துபோவீர்கள். இரண்டுக்கும் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ; இரண்டுக்கும் சுற்றிலும் மஞ்சள் இதழ், இதழ்நுனியில் சிறு பிளவுகள். இலையைத்தான் பார்க்க வேண்டும். சாலையோரச் செடியின் இலை அகன்று, தடித்து, மேற்புறம் பளபளவென்று இருக்கும். இலையின் நடுப்பகுதியில் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக மடல் பிதுங்கி, மூன்று கூறாகத் தோன்றும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகலாக, ஈட்டி வடிவில் நீண்டிருக்கும், மடல் இராது, ஓரத்தில் பற்கள் இல்லாமலோ, அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகவோ இருக்கும். பெருவிரலால் இலையை நுனியிலிருந்து காம்பை நோக்கித் தடவினால் குட்டையான மயிர்கள் சொரசொரப்பாகத் தட்டுப்படும். ஒரே கொடியில் இளம் இலையில் மடல் தெரியாமல் முதிர்ந்த இலையில் மட்டும் தெரிவதும் உண்டு; ஆகவே அடியிலிருந்து நுனி வரை நான்கைந்து இலைகளைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால், பூவோடும் வேரோடும் ஒரு தண்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேளுங்கள்.

உண்மையான செடியே நடுத்திட்டில் முளைத்திருந்தாலும் அதைச் சமைப்பதை நான் ஏற்கமாட்டேன். வாகனப் புகையும் தெரு நாயும் எட்டாத இடத்தில் வளர்ந்ததுதான் கீரை. திருமணிமுத்தாற்றை ஒட்டியும் சாக்கடை ஓரங்களிலும் செழித்து நிற்பதைப் பறித்து வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஈரத்தை நாடும் செடி, அந்த ஈரத்தில் இருப்பதையும் சேர்த்தே உறிஞ்சும்.

கேள்வி: மொட்டை மாடியில் பையில் வைத்த மஞ்சள் கரிசலாங்கண்ணி மார்கழியில் தழைக்கிறது, சித்திரை பிறந்ததும் கருகிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஓமலூர்

பதில்: வரப்போரத்து ஈரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானாகப் படரும் செடியைக் கொதிக்கும் தளத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள், அதற்கேற்ற ஏற்பாடு தேவை. இதன் வேர் ஆழமாக இறங்குவதில்லை. தண்டு தரையில் படிந்து கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் செடி பெருகுகிறது. எனவே உயரமான குறுகிய பையை விட, ஒரு சாண் ஆழமும் நல்ல அகலமும் உள்ள தொட்டியே ஏற்றது. செம்மண், மக்கிய தொழுவுரம், உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால், அடியில் காற்றோடி வேர் வெந்துபோகாது.

விதையை நம்ப வேண்டாம், தண்டுதான் நம்பகமானது. நான்கு கணுக்கள் உள்ள, மிக இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாத தண்டைக் கிள்ளி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் இதற்கு வாகானவை. தண்டுகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும். அதற்கு மேல் நெருக்கினால் காற்றோட்டம் குறைந்து இலையில் சாம்பல் நோய் வந்துவிடும். செடி தொட்டியை மூடிய பிறகு, அடியில் இரண்டு கணுக்களை விட்டுவிட்டு அறுத்துக்கொண்டே இருக்கலாம். அறுக்க அறுக்கத்தான் இளந்தளிர் வரும். பூ வரட்டும் என்று விட்டுவைத்தால் இலை முற்றிக் கசப்பேறிவிடும்.

கோடையைக் கடத்த, பங்குனி முடிவதற்குள் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டிவிடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். விடியலில் ஒரு முறையும் பொழுது சாய்ந்த பின் ஒரு முறையும் நீர் விடுங்கள். உச்சி வெயிலில் வாடிக் கிடக்கிறதே என்று பதறி ஊற்றினால் கெடுதல்தான். அப்படியும் கத்தரி வெயிலில் மேலே காய்ந்துபோனால் பிடுங்கி எறிய வேண்டாம். அது பல்லாண்டுச் செடி. மண்ணோடு ஒட்டிய தண்டில் உயிர் இருந்தால் முதல் கோடை மழைக்கே துளிர்த்துவிடும்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே இதை ஊடுபயிராக விடலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: செடி வளரும். சேர்வராயன் மலையின் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமும் மழையும் அதற்குத் தடையல்ல. அடர்ந்த நிழலில் பூ குறையும், பனிக்காலத்தில் வளர்ச்சி மந்தப்படும், அவ்வளவுதான். தடை வேறு இடத்தில் இருக்கிறது. காப்பியின் இலைத்துரு நோயைத் தடுக்கப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் தெளிப்பீர்கள். காப்பி இலையிலிருந்து வழிவதெல்லாம் அடியில் படர்ந்திருக்கும் கீரையின் மேல்தான் விழும். களைக்கொல்லி அடிக்கும் தோட்டமாக இருந்தால் பேசவே வேண்டாம். தெளிப்பு எட்டாத ஒரு மூலையில், வீட்டுக்குப் பின்புறம் தனிப்பாத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு ஒரு வாரமாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணிச் சாற்றை மோரில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார்கள். எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?
– வாசகி, வாழப்பாடி

பதில்: நாள்கணக்கைப் பிறகு பேசலாம், இந்த வரியைப் படித்ததும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காமாலை என்பது ஒரே நோய் அல்ல. குடிநீர் வழியாகப் பரவும் வைரஸ் கல்லீரல் அழற்சியாலும் கண் மஞ்சளாகும். பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் ஆகும். எலிக்காய்ச்சல், மதுப் பழக்கம், சில மாத்திரைகள், கட்டி என்று காரணங்கள் பல. முதல் வகையில் பெரும்பாலோர் ஓய்விலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் தாமாகவே தேறிவிடுகிறார்கள். அந்தப் பெருமை அந்த நேரத்தில் குடித்த சாற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கல் அடைத்தவருக்கு எந்தச் சாறும் அடைப்பை எடுக்காது. காத்திருந்த ஒவ்வொரு நாளும் கேடுதான். வயதானவர் என்பதால் இதில் தாமதமே கூடாது.

செடியில் மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு சென்னையில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே செடியில் உள்ள வெடிலோலாக்டோன் என்ற சேர்மத்தின் அமைப்பை வெளியிட்டார்கள். கல்லீரல் செல்களை நஞ்சிலிருந்து அது காப்பதாக ஆய்வகச் சோதனைகளில் பிற்காலத்தில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எலியின் கல்லீரலில் கண்டது உங்கள் மாமனாரின் மஞ்சள் கண்ணுக்கு மருந்துச்சீட்டு ஆகாது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

நோயில்லாதவர்கள் வாரம் ஓரிரு முறை உணவாகக் கொள்வதற்குத் தடையில்லை. கரிசலாங்கண்ணியை நாள்தோறும் கொள்ளத்தக்க மூலிகையாக வள்ளலார் போற்றியதால் பல வீடுகளில் அது வழக்கமாகவே இருக்கிறது. பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, பொடியாக நறுக்கிய இலையைச் சேர்த்து, சீரகமும் மிளகும் தட்டிப் போட்டு இறக்கினால் துவர்ப்பும் கசப்பும் நாக்கை உறுத்தாது. பார்த்தீனியம் பட்டாலே தோல் அரிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் இதற்கும் அரிப்பு வரக்கூடும். கருவுற்றிருப்பவர்கள் சாறாகவோ பொடியாகவோ குடிக்க வேண்டாம்.

கேள்வி: தலைமுடித் தைலத்துக்கு வெள்ளைக் கரிசலாங்கண்ணியா, மஞ்சளா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: இரண்டையும் பயன்படுத்துகிறார்கள், தைலத்துக்குப் பெரிதும் எடுப்பது வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி. அதன் இலையை உள்ளங்கையில் கசக்கிச் சற்று நேரம் விட்டால் சாறு கறுத்துவிடும், அதுவே அடையாளம். ஒரு பங்கு எண்ணெய்க்கு நான்கு பங்கு சாறு சேர்த்து, சிறுதீயில் நீர் முழுவதும் வற்றும் வரை காய்ச்சுங்கள். திரியை அதில் நனைத்துக் கொளுத்தும்போது படபடவென்று வெடிக்காமல் எரிந்தால் பதம் வந்துவிட்டது. நீர் மிச்சமிருந்தால் எண்ணெய் சில நாளிலேயே சிக்குவாடை அடிக்கும். நரைத்த முடியை இது வேரிலிருந்து கறுப்பாக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: சளிக்கு நல்லது என்று எக்கினேசியா விதையை இணையத்தில் வாங்கினேன். ஏற்காட்டில் வளருமா?
– வாசகி, நாகலூர்

பதில்: வளரும், பூப்பதுதான் சந்தேகம். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஊதாப் பூச்செடி, கோடையில் பகல் நீளும் நாடுகளுக்குப் பழகியது. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் அது ஒழுங்காக மொட்டு வைக்கும். ஏற்காட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணியை எட்டுவதில்லை. மாலையில் சில மணி நேரம் செடிக்கு மேல் ஒரு எல்இடி விளக்கை எரியவிட்டுக் குறையை ஈடுகட்டலாம். விதையை ஈர மணலில் கலந்து, உறைபெட்டியில் அல்லாமல் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு வாரம் வைத்து எடுத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும், மேட்டுப்பாத்தி அவசியம். வேரை மருந்துக்கு எடுக்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

சளியைப் பொறுத்தவரை, இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட பலன் மிகச் சிறிது. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் பூத்த செடியின் சாற்றைத் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் கொள்ள வேண்டாம் என்கிறது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. அழகுக்காக வளர்ப்பதானால் விளக்கைப் போட்டு வளர்த்துப் பாருங்கள்; சளிக்காகத்தான் என்றால், தோட்டத்து மிளகும் துளசியும் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.