கண்மூடித் திறந்த வசனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெளியூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. போனால் வயதான அம்மா தனியாகிவிடுவார். தேவசித்தம் தெரிய ஜெபித்துவிட்டு வேதாகமத்தைக் கண்மூடித் திறந்தேன். ஆபிரகாமைப் புறப்பட்டுப் போகச் சொல்லும் பகுதி வந்தது. மறுநாள் திறந்தால் தாய் தந்தையைக் கனம்பண்ணச் சொல்லும் வசனம். இப்போது ஜெபமே வறண்டுவிட்டது. பேசாமல் வேலை வேண்டாமென்று எழுதிவிடலாமா? பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இன்று எதையும் எழுதிப் போடாதீர்கள். மனம் வறண்டு கிடக்கும்போது புதிதாக எந்த முடிவுக்கும் தாவக்கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் வைத்த விதி. சோர்வு தனக்குச் சௌகரியமான முடிவை எடுத்துவிட்டு அதற்குத் தேவசித்தம் என்று பெயர் வைத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் ஜெபத்தைக் குறைக்காமல், குறித்த நேரத்துக்கு மேலும் சற்று உட்காரச் சொல்கிறார் அவர்.

வசனம் திறந்து பார்ப்பதற்கு வருவோம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீடர்கள் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தார்கள் என்பீர்கள். அப்போஸ்தலர் பணி முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். யோவானின் திருமுழுக்கு தொடங்கி இயேசுவோடு கூட இருந்தவராக வேண்டும் என்று தகுதியை முதலில் வகுத்தார்கள். பிறகு இருவரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள், சீட்டு அதற்கப்புறம்தான். பழைய ஏற்பாட்டில் கிதியோன் என்ற தலைவர் கடவுளிடம் அடையாளம் கேட்டு, பனியில் நனைகிறதா என்று பார்க்க வைத்த ஆட்டுத்தோலும் அப்படியே. கடவுள் ஏற்கனவே சொல்லியிருந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளவே அவர் அதை விரித்தார். நீங்களோ யோசிப்பதை விட்டுவிட்டு நேரே சீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

மனம் கொஞ்சம் அடங்கிய ஒரு நாளில் தாளை நான்காகப் பிரியுங்கள். போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. பலரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். போகாமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது பிந்தைய இரண்டில்தான் தெரியவரும். ‘அம்மா தனியாகிவிடுவார்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். மருந்து யார் எடுத்துக் கொடுப்பார்கள், ராத்திரி யார் துணை, எத்தனை நாளுக்கொருமுறை உங்களால் வர முடியும் என்று எழுதுங்கள். அம்மாவையே கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

எழுதுமுன் ஒரு சோதனை. எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்போல மனம் இருக்க வேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். ‘எதுவானாலும் சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் முதலில் அந்த விடுதலைக்காக ஜெபியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: முடிவை எடுத்துவிட்டுக் கடவுளிடம் கையெழுத்து மட்டும் கேட்பார்கள்.

அடுத்து, போவதாகவே முடிவு செய்துவிட்டது போல் இரண்டு நாள் இருங்கள். பிறகு இரண்டு நாள் போகாதது போல. இரவில் நாலு வரி குறித்து வையுங்கள். அந்த நேரத்துக் கிளர்ச்சியைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அடங்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். 1521-ல் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் போரில் குண்டடிபட்டுப் படுத்திருந்த இஞ்ஞாசியார் கண்டுகொண்டது இதைத்தான். வீரசாகசக் கனவுகள் அந்நேரத்துக்கு இனித்தன, பிறகு உள்ளே வறட்சி. புனிதர்களைப் போல வாழும் நினைப்போ போனபின்பும் நிறைவை விட்டுச் சென்றது.

பத்து நாள் இதற்குத் தாராளம். எட்டாம் நாளுக்குள் முடிவெடுத்து, அதை ஜெபத்தில் ஒப்படையுங்கள். இந்த வேலையால் லாபமோ நஷ்டமோ இல்லாத, உங்களை அறிந்த ஆன்மிக வழிகாட்டி ஒருவரிடம் நான்கு பத்தியையும் காட்டுங்கள். அவர் உங்களுக்காக முடிவெடுக்க வேண்டாம்; எந்தப் பத்தியில் கை நடுங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.