சோறு போட்டால் போதாதா?

கேள்வி: வங்கதேசமே ஏழை நாடு. பத்து லட்சம் ரோஹிங்கியாக்களுக்கு இடமும் கொடுத்து, சோறும் போடுகிறது. இதற்கு மேலும் உரிமை, உரிமை என்று அந்த நாட்டை நச்சரிப்பது நியாயமா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: இடம் கொடுத்தது பெரிய காரியம்தான். 2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு மியன்மார் ராணுவம் அந்நாட்டின் ராக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் கிராமங்களைக் கொளுத்தியபோது, சில மாதங்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். நூறு பேர் வந்தாலே கதவைச் சாத்துகிற பணக்கார நாடுகள் இந்த விஷயத்தில் வாய் திறக்கவே கூடாது.

ஆனால் சோறு போடுவது பெரும்பாலும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், வெளிநாடுகள் தரும் பணத்தில். தலைக்கு மாதம் 12 டாலர் என்று இருந்தது, நன்கொடை வற்றியதும் 2023 மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று இறங்கியது. 8 டாலரை மூன்று வேளைக்குப் பிரித்துப் பாருங்கள், வேளைக்கு 9 சென்ட்கூட வராது. பின்னால் தொகையை உயர்த்தினார்கள் என்றாலும், யாரோ தூரதேசத்தில் பட்ஜெட் போடும்போதெல்லாம் இங்கே தட்டில் பருப்பு குறையும் நிலைமை மாறவில்லை.

சரி, கூலி வேலைக்குப் போய் ஈடுகட்டலாமே? வேலை செய்ய அனுமதி கிடையாது. முகாமைச் சுற்றி முள்வேலி, வெளியே சாலையில் சோதனைச் சாவடி. கையைக் கட்டிப் போட்டுவிட்டு, ஊட்டிவிட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வது என்ன கணக்கு? கேட்கப்படும் உரிமைகளில் பல, டாக்கா கஜானாவிலிருந்து காசு கேட்பவை அல்ல. தடையை எடுத்தால் போதும். 2021 டிசம்பரில் முகாமில் ரோஹிங்கியா ஆசிரியர்கள் தாங்களாகவே நடத்திவந்த பள்ளிகளை மூடச் சொன்னார்களே, அதில் அரசுக்கு என்ன மிச்சம்?

அந்த வேலியின் லட்சணம் 2021 மார்ச் 22 அன்று தெரிந்தது. பாலுகாலி முகாமில் தீப்பிடித்தது. வீடுகள் எல்லாம் மூங்கிலும் தார்ப்பாயும்தான், செங்கல் சுவர் எழுப்ப அனுமதியில்லை. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், சுமார் 45,000 பேர் கூரை இழந்தார்கள். தப்பி ஓடியவர்களை முள்கம்பி மறித்தது என்று பிழைத்தவர்களே சொன்னார்கள்.

உள்ளூர்க் கூலிக்காரர்களுக்கும் வருத்தம் உண்டு, கூலி இறங்கிவிட்டது என்று. நியாயமான வருத்தம். ஆனால் தடை இருந்தும் ஆட்கள் ஒளிந்து மறைந்து வேலைக்குப் போகத்தான் செய்கிறார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள், ஏமாற்றினால் போலீசுக்குப் போக முடியாது. கூலியை இறக்குவது அந்தத் திருட்டு ஏற்பாடுதான்.

வங்கதேசம் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பீர்கள். உண்மை. (இந்தியாவும் இடவில்லை.) ஆனால் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1990-லேயே ஏற்றது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1998-ல் சேர்ந்தது. சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் மூன்றாவது பிரிவு.

ரோஹிங்கியாக்கள் திரும்பிப் போகத்தான் விரும்புகிறார்கள். ஆனால் குடியுரிமையைப் பறித்த மியன்மாரின் 1982 சட்டம் அப்படியே இருக்கிறது, ராக்கைனில் சண்டையும் ஓயவில்லை. இவை மாறும்வரை டாக்கா ஒரு வேலை அனுமதி அட்டையாவது தரலாம். நச்சரிப்பு என்றாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.